போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவலுக்கு ஷார்ட் ஷிஃப்டர்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

வால்பாறை_ரோடு

வணக்கம் நண்பர்களே. என் வண்டி 2021 போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். இன்ஜினில் கை வைக்கவில்லை, ரீமேப் (இன்ஜின் சாஃப்ட்வேரை மாற்றுவது) ஆசையும் இல்லை. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் மூன்றாவது, இரண்டாவது, மறுபடி மூன்றாவது என்று இடது கைக்கு ஓய்வே இருக்காது. அங்கேதான் லிவர் போகிற தூரம் அதிகமோ என்று தோன்றுகிறது. கியர் விழுவதில் குறை இல்லை, கரகரப்பு இல்லை. தூரம் கொஞ்சம் குறைய வேண்டும், ‘டக்’கென்று விழுந்த உணர்வு வேண்டும், அவ்வளவுதான்.

தேடிப் பார்த்தால் ஷார்ட் ஷிஃப்டரில் (லிவர் போகிற தூரத்தைக் குறைக்கிற அமைப்பு) மூன்று வகை வருகிறது. பானெட்டுக்குள் கியர்பாக்ஸ் மேலே மாட்டுவது ஒன்று, கேபினுக்குள் லிவரையே மாற்றுவது ஒன்று, அப்புறம் லிவர் தண்டை வெட்டிக் குட்டையாக்குவது. எது உருப்படியானது? கியர்பாக்ஸுக்குக் கேடு வருமா? வீட்டிலேயே மாட்ட முடியுமா? அப்பாவும் இதே வண்டியைத்தான் ஓட்டுகிறார், அவருக்குச் சிரமமாகிவிடக் கூடாது.

கேபிள்_பாக்ஸ்

உங்களுடையது எம்க்யூ200 கியர்பாக்ஸ், கேபிளில் ஓடுவது. நீங்கள் பிடிக்கிற லிவர் கியர்பாக்ஸைத் தொடுவதே இல்லை. லிவர் அடியிலிருந்து இரண்டு கேபிள் முன்னால் போய், கியர்பாக்ஸ் தலையில் நெம்புகோல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு ‘கை’களை அசைக்கின்றன: ஒன்று முன்பின் அசைவுக்கு, இன்னொன்று இடவலத்துக்கு. மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி வண்டிகளில் லிவர் நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்கும், அங்கே லிவரை மாற்றினால் வேலை முடிந்தது. வெளிநாட்டு வீடியோக்களில் பாதி அந்த ரகம், அதைப் பார்த்து உங்கள் வண்டிக்கு முடிவெடுக்காதீர்கள்.

கணக்கு எளிது. லிவருக்கு ஒரு சுழலும் புள்ளி இருக்கிறது. அதற்கு மேலே கை பிடிக்கும் நீளம் 240 மிமீ, கீழே கேபிள் மாட்டும் நீளம் 60 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகச் சொல்கிறேன், உங்கள் வண்டி அளவு இல்லை). கேபிள் 1 மிமீ நகர நாப் (லிவர் தலையில் இருக்கிற குமிழ்) 4 மிமீ நகர வேண்டும். கீழ் நீளத்தை 80 ஆக்கினால் 3 மிமீ போதும். தூரம் 25 சதவீதம் குறைந்தது, ஆனால் கை கொடுக்க வேண்டிய விசை 33 சதவீதம் கூடியது. எந்தக் கம்பெனி கிட் ஆனாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ‘பாதித் தூரம்’ என்று விளம்பரம் போட்டால் அது ‘இரண்டு மடங்கு விசை’ என்றும்தான் அர்த்தம். அப்பா ஓட்டுகிறார் என்றீர்களே, 20 முதல் 25 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

தண்டை வெட்டுவதும் இதே கணக்குதான், ஆனால் நாப் கீழே இறங்கிவிடும், ஸ்டீயரிங்கிலிருந்து கை எட்டும் தூரம் கூடும். மலையில் அது உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்யும். அதை மறந்துவிடுங்கள்.

மீதி இரண்டில் கியர்பாக்ஸ் மேல் இருக்கிற அந்தக் கைக்குப் பதில் வேறு கை மாட்டுவது சுலபம், விலையும் குறைவு, பழையபடி மாற்றுவதும் எளிது. கேபினுக்குள் மாற்றுவது என்றால் கன்சோலைப் பிரிக்கணும், வண்டியைத் தூக்கணும்.

கன்மெட்டல்_புஷ்

மேலே சொன்னது சரி, ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கியர்பாக்ஸ் பக்கம் கிட் மாட்டினால் கேபிளிலும் புஷ்ஷிலும் (கேபிளைப் பிடித்து நிற்கிற ரப்பர், பிளாஸ்டிக் வளையம்) இருக்கிற ஆட்டம் நாபில் அப்படியே இருக்கும். மொத்தத் தூரம் மட்டும் குறையும். முன்பு 10 பங்கில் ஒரு பங்கு ஆட்டம் என்றால் இப்போது ஏழரை பங்கில் ஒரு பங்கு. அதனால் கிட் போட்ட பிறகு லிவர் இன்னும் லூசாகத் தெரிகிறது என்று பலர் குழம்புகிறார்கள். லிவரின் கீழ் நீளத்தைக் கூட்டும் வகையில் இந்தப் பிரச்சினை கிடையாது, அங்கே தூரத்தோடு ஆட்டமும் சேர்ந்து குறையும்.

ஆகவே முதலில் புஷ்ஷைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் ஆஃபில், யாரையாவது உள்ளே உட்கார்ந்து முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் மெதுவாக மாற்றச் சொல்லுங்கள். கேபிளின் வெளி உறையைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். உள்ளே கம்பி நகர்வதற்கு முன் வெளி உறை முன்பின் நெளிந்தால் பிராக்கெட் ரப்பர் தளர்ந்திருக்கிறது. கேபிள் முனை பின்னில் மாட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலும் அதே கதைதான். நீங்கள் கேட்கிற அந்த ‘டக்’ பெரும்பாலும் இங்கேதான் தொலைகிறது. பிராக்கெட் புஷ் மாற்றச் செலவு மிகக் குறைவு, லிவர் விசையும் கூடாது.

நம் ஊரில் எந்த லேத் பட்டறையிலும் புஷ் கடைந்து தருவார்கள். கன்மெட்டல் (வெண்கல வகை உலோகம்) போட்டால் உணர்வு பிரமாதம், ஆனால் இன்ஜின் அதிர்வு லிவர் வழியாகக் கையில் ரீங்காரமாக வரும், மூன்று சிலிண்டர் இன்ஜினில் அதிகமாகவே தெரியும். தினசரி வண்டிக்கு டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக்தான் என் தேர்வு. புஷ்ஷை லேத்தில் செய்யலாம், ஷிஃப்டர் கையை வெட்டி வெல்டு வைத்து மட்டும் செய்யாதீர்கள். வெல்டு விட்டால் மலை நடுவில் எந்தக் கியரில் நிற்கிறதோ அந்தக் கியரில்தான் வீடு வர வேண்டும்.

ரிவர்ஸ்_ரெண்டாவது

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் கியர் வேகமாக விழும் என்பது பாதி உண்மைதான். கியர்பாக்ஸுக்குள் இருக்கிற சிங்க்ரோ வளையம் கூம்பில் உரசித்தான் இரண்டு வேகத்தையும் ஒன்றாக்குகிறது, அதற்குரிய நேரத்தை அது எடுத்துக்கொள்ளும். லிவர் குட்டையானால் உங்கள் கைபலம் சிங்க்ரோவுக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும், அதனால் லிவர் வாசலில் நின்று தடுப்பது மாதிரி இருக்கும். அந்த இடத்தில் பொறுக்காமல் இடித்துத் தள்ளுகிறவர்களுக்குத்தான் சிங்க்ரோ சீக்கிரம் போகிறது. தள்ளிப் பிடித்து, அது உள்ளே இழுத்துக்கொள்ளும் வரை விட்டால் ஒன்றும் ஆகாது. குளிர் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது இது இன்னும் தெரியும்.

அதைவிட எனக்குப் பயம் இடவல அசைவைக் குறைப்பதில்தான். 6 கியர் பாக்ஸில் மூன்று வரிசை, அதற்கு இடதுபுறம் ரிவர்ஸ் வேறு. வரிசைகள் நெருங்கிவிட்டால் ஐந்திலிருந்து நாலுக்கு இழுக்கும்போது இரண்டில் போய் விழ வாய்ப்பு அதிகம். அப்போது சக்கரம்தான் இன்ஜினை அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றும். இன்ஜின் வேகத்துக்கு எல்லை போடுகிற ரெவ் லிமிட்டர் பெட்ரோலை மட்டும்தான் நிறுத்தும், சக்கரம் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்றணும். அப்பா வேறு பழைய தூரத்துக்குப் பழகிய கையோடு உட்காருவார். ஆகவே முன்பின் அசைவை மட்டும் குறைக்கிற கிட் வாங்குங்கள், இடவலம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும்.

வால்பாறை_ரோடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிராக்கெட்டைப் பார்த்தேன் அண்ணா, வெளி உறை லேசாக நெளிகிறது. அதனால் டெல்ரின் புஷ் முதலில், கூடவே முன்பின் மட்டும் குறைக்கிற, துளையை மாற்றி அளவை வைத்துக்கொள்கிற கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மாட்டும்போது கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் கெட்டுப்போகும் என்கிறார்களே, அதை எப்படிச் செய்வது? அப்புறம் கியர்பாக்ஸ் மேல் இருக்கிற அந்த ஷிஃப்டர் கையின் மேல் ஒரு கனமான இரும்புக் குண்டு இருக்கிறது, கிட்டில் அது இல்லை. பரவாயில்லையா?

கேபிள்_பாக்ஸ்

குண்டு வீணுக்கு இல்லை தம்பி. அதன் எடைதான் லிவர் நகர ஆரம்பித்ததும் ஓட்டத்தைத் தொடர வைத்து, சிங்க்ரோ தடுக்கிற இடத்தை மெதுவாகக் கடக்க வைக்கிறது. குண்டு இல்லாத கிட் போட்டால் கியர் ஒவ்வொன்றும் முரட்டுத்தனமாக விழும். சிலருக்கு அது பிடிக்கும். அப்பாவும் ஓட்டுகிற வண்டிக்குக் குண்டோடு வருகிற கிட்டோ, பழைய குண்டை மாற்றி மாட்ட இடம் வைத்த கிட்டோ தேடுங்கள். கனமான நாப் போட்டும் கொஞ்சம் ஈடுகட்டலாம். ஆனால் உங்கள் நாப் மரை போட்டு மாட்டியது கிடையாது, லெதர் கவரோடு சேர்த்து க்ளாம்ப் போட்டது, அடாப்டர் வேண்டும். முழு இரும்பு நாப் வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் தொட முடியாது.

வேலை முறை இது. சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரி நெகட்டிவ் முதலில், அப்புறம் பேட்டரி, அதன் தட்டு, வழியில் நிற்கிற காற்றுக் குழாய். இப்போது இரண்டு கைகளும் தெரியும். எதையும் தொடுவதற்கு முன் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கை எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். கேபிள் முனை க்ளிப்பை எடுத்து, நட்டைக் கழற்றி, பழைய கையை மேல்நோக்கித் தூக்குங்கள். க்ளிப் பறந்து இன்ஜினுக்குள் போய்விடும், அடியில் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். புஷ்ஷையும் இதே சமயத்தில் மாற்றிவிட்டு, புதுக் கையை அதே திசையில் மாட்டுங்கள்.

அட்ஜஸ்ட்மென்ட்: இரண்டு கேபிள் முனையிலும் ஸ்பிரிங் வைத்த காலர் இருக்கும். அதை முன்னால் தள்ளி இடதுபுறம் திருப்பினால் பூட்டு விட்டுவிடும், கேபிள் நீளம் தளர்ந்து நிற்கும். அடுத்து கியர்பாக்ஸ் மேல் நடுத்தண்டைக் கீழே அழுத்திக்கொண்டே பக்கத்தில் இருக்கிற வளைந்த சின்ன லிவரைத் திருப்புங்கள், தண்டு அங்கேயே பூட்டி நிற்கும். பிறகு உள்ளே லெதர் கவரைத் தூக்கி, லிவரை நியூட்ரலில் இடதுபுறம் இருக்கிற முதல்-இரண்டாவது வரிசைக்குச் சாய்த்து, லிவர் துளையும் கீழே லிவர் உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் பாக்ஸின் துளையும் நேராகும்போது பின் செருகணும். பொருத்தமான ட்ரில் பிட்டின் மழுங்கிய தண்டுப் பக்கம் போதும். இரண்டு பக்கமும் பூட்டிய பிறகு காலர்களை விடுங்கள், கேபிள் தன் நீளத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்புறம் வளைந்த லிவரைத் திருப்பி, பின்னை எடுங்கள். பின்னை மறந்துவிட்டு லிவரை இழுத்தால் பிளாஸ்டிக் பாக்ஸ் உடையும்.

இன்ஜின் ஆஃபில் கிளட்ச் மிதித்து ஆறு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். நியூட்ரலில் லிவர் தானாக மூன்று-நாலு வரிசையில் வந்து நிற்க வேண்டும். முதல் கியரில் வைத்து இடதுபுறம் அழுத்தி விட்டால் கியர்பாக்ஸ் தண்டு லேசாக அசைய வேண்டும். இரண்டும் சரியென்றால்தான் ரோட்டுக்கு. பேட்டரி கழற்றியதால் டேஷில் ஸ்டீயரிங் விளக்கு எரியலாம், கொஞ்ச தூரம் ஓட்டினால் அணைந்துவிடும்.

ரிவர்ஸ்_ரெண்டாவது

முதல் வாரம் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள், கை பழகட்டும். அப்பாவையும் ஒரு காலி ரோட்டில் கூட்டிப்போய் ஆறிலிருந்து இறக்கி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நட்டை ஒரு தடவை செக் செய்துவிட்டு வால்பாறை ஏறுங்கள். பழைய கையைத் துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள், அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு மதியத்தில் திரும்ப மாட்டிவிடலாம்.