புதுப்பிப்பு: நேமிரி மொழிக்கு உயிரொலி விதி முடிவாயிடுச்சு

போன த்ரெட்ல நான் உருவாக்கிட்டு இருக்கிற நேமிரி மொழியோட ஒலிகள போட்டிருந்தேன்ல, அதுல பன்மை விகுதி லா-வா லே-வான்னு முடிவாகாம இருந்துச்சு. இப்போ ரெண்டுமே இருக்கு! துருக்கி மொழில எவ்-னா வீடு, வீடுகள் எவ்லெர், ஆனா அத்-னா குதிரை, அதுக்கு அத்லார்னு வரும், அதாவது சொல்லோட கடைசி உயிரைப் பார்த்து விகுதி தன்னை மாத்திக்கும், அந்த வழியத்தான் எடுத்திருக்கேன். அ, ஒ, உ ஒரு கட்சி, எ, இ இன்னொரு கட்சி. தோமு (வீடு) தோமுலா ஆகும், நேரி (ஆறு) நேரிலே ஆகும். கலந்து வந்தா கடைசி உயிர் சொல்றதுதான், துருக்கில கிதாப் கிதாப்லார் ஆகுற மாதிரியே.

"எஸ்பெராண்டோ மாதிரி ஒரே விகுதி வெச்சா ஈஸி"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. நியாயம்தான், 1887ல சாமன்ஹாஃப்னு ஒருத்தர் தானே உருவாக்கி வெளியிட்ட அந்த மொழில பெயர்ச்சொல்லுக்கு ஓ, பன்மைக்கு ய், எங்கயும் மாறாது, கத்துக்க அருமையா இருக்கும். ஆனா எனக்கு வாய் விட்டுப் பேசுறப்போ வழுக்கிட்டுப் போகணும், பீச்-தாம்பரம் ட்ரெயின்ல முணுமுணுத்துப் பார்த்தப்போ நேரிலா நாக்குல இடறுது, நேரிலே இடறல.

க மட்டும் நம்ம அகம் மாதிரி, ரெண்டு உயிருக்கு நடுவுல ஹ-வா மெலியும், அதனால 'க்கு'ன்னு அர்த்தம் தர்ற கா/கே விகுதி சேர்ந்தா, வீடுகளுக்குன்னா தோமுலாஹா, ஆறுகளுக்குன்னா நேரிலேஹே. இரட்டிச்சா அழுத்தமாவே நிக்கும். அடுத்து வினைச்சொல், காலம் காட்டுற விகுதி முன்னாடியா, இல்ல நான், நீ, அவன்னு இடம் காட்டுற விகுதி முன்னாடியான்னு யோசிச்சிட்டிருக்கேன், ஐடியா இருந்தா சொல்லுங்க.