எம்டன் சுட்டதைக் கொண்டாடலாமா?

நெய்தல்:
செப்டம்பர் 22 வந்தாலே 'வெள்ளைக்காரனை அலறவிட்ட எம்டன்' என்று ஆளாளுக்குப் புகழ்பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். 1914-இல் அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டது லண்டனை அல்ல, மெட்ராஸை. குறைந்தது 5 பேர் செத்தார்கள். குண்டு விழுந்ததற்கு உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இருக்கிறது. எம்டன் கேப்டன் முல்லர் பெயர் எல்லாருக்கும் தெரியும். செத்தவர்களில் ஒருவர் பெயராவது இங்கே யாருக்காவது தெரியுமா?

கரையோரக்காரன்:
உணர்ச்சிவசப்படாதீங்க. முல்லர் குறிவைத்தது துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளை. ராத்திரி ஒன்பதரை வாக்கில் சர்ச்லைட் போட்டுப் பார்த்துதான் சுட்டார். இரண்டு தொட்டி பற்றி எரிந்தது. ஊரையே அழிக்க வந்தவர் ஏறக்குறைய 130 குண்டோடு, அரை மணி நேரத்துக்குள் கிளம்பியிருப்பாரா? பிடித்த வணிகக் கப்பல்களில்கூட மாலுமிகளை இறக்கிவிட்டுத்தான் மூழ்கடித்தவர்.

நெய்தல்:
குறி தொட்டிக்கு, சரி. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பல் மேலும் விழுந்ததே, அதன் மாலுமிகளை யார் இறக்கிவிட்டார்கள்? அடுத்தடுத்த நாட்களில் சனம் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு ஓடியதும் தொட்டிக்குப் பயந்தா?

தென்னவன்:
ஐயா, அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டியவரே நம்ம விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளைதான். இதுகூடத் தெரியாமல் பேசுகிறீர்கள்.

வக்கீல் குமாஸ்தா:
அந்த மாதம் செண்பகராமன் இருந்தது ஸ்விட்சர்லாந்தின் சூரிச்சில். அங்கிருந்து போனது பெர்லினுக்கு. எம்டன் கிளம்பியதோ சீனக் கரையின் சிங்தாவிலிருந்து. வழியில் கை காட்டி ஏறிக்கொள்ள அது என்ன டிராம் வண்டியா? அவர் செய்த வேலைக்கே பெருமை போதும், இந்த ஜோடனை வேண்டாம்.

கரையோரக்காரன்:
கதையை விடுங்கள். போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் கடற்கரை விளக்குகளை அணைக்காமல் வைத்திருந்தது யார்? அன்று வெள்ளைக்காரன் மானம் கப்பலேறியது, அதுவும் ஜெர்மன் கப்பல். சனங்களுக்கு நினைவில் நின்றது அதுதான்.

நெய்தல்:
1942 ஏன் நிற்கவில்லை? ஏப்ரல் 6 அன்று ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் மெட்ராஸில் அரசு அலுவலகங்களையே வெளியூருக்கு மாற்றினார்கள். மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமாம். மானம் போனதில் எது பெரிது? அந்த வருடத்துக்கு ஹீரோ கேப்டன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கரையோரக்காரன்:
அது நியாயமான கேள்வி. முல்லரைத் திட்டாமல், செத்தவர்களுக்கும் ஒரு கல்வெட்டு வைக்கச் சொல்லி மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

நெய்தல்:
எழுதுகிறேன். யார் சுட்டதில் செத்தார்கள் என்றும் அதில் இருக்கும்.