ஷார்ட்ஸ் பற்றிய வகுப்புக்குப் பழைய போன் தேவை

வணக்கம். யூடியூப் எதை வைத்து அடுத்த வீடியோவைக் காட்டுகிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்முன்னே காட்டப் போகிறோம். இரண்டு போன், இரண்டு புதுக் கணக்கு. ஒன்றில் 'சீக்கிரம் பணக்காரர் ஆகலாம்' வகை ஷார்ட்ஸ் மட்டும் முழுதாக ஓடும். மற்றதில் ஐடிஐ வெல்டிங், நர்சிங் வீடியோக்கள். பிறகு இரண்டு முகப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

பழைய ஜிமெயில் இருந்தால் பழைய ஹிஸ்டரி கலந்து சோதனையே கெட்டுவிடும். ஆகவே ரீசெட் செய்த ஆண்ட்ராய்டு போன் இரண்டு வேண்டும். ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் பழைய பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடலாம். சிம் வேண்டாம். கீறல் பரவாயில்லை.

இதைவிட முக்கியம்: வெல்டர், நர்ஸ், சர்வேயர் யாராவது பத்து நிமிடம் வந்து, முதல் சம்பளம் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்வீர்களா?