வயர் மாற்றியபின் ஒலி தெளிந்தது, இரைச்சல் மட்டும் போகவில்லை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆம்ப்ளிஃபையரிலிருந்து என் 4 ஓம் ஸ்பீக்கர்கள் 10 மீட்டர் தள்ளி இருக்கின்றன. இதுவரை மெல்லிய 24 கேஜ் வயர். போக வர 20 மீட்டருக்கு அதன் மின்தடையே சுமார் 1.7 ஓம்! போன வாரம் தடித்த 14 கேஜ் செம்பு வயர் போட்டேன். மின்தடை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. பேஸ் (கனத்த கீழ் ஒலி) குழையாமல் நிற்கிறது, மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) தனியாகக் கேட்கிறது. மனசு நிறைந்துபோச்சு.

ஆனால் லேப்டாப்பை ஆர்சிஏ கேபிளில் (சாதாரண ஆடியோ வயர்) ஆம்ப்ளிஃபையரோடு இணைத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் உடனே நின்றுவிடுகிறது. கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து உண்டாக்கும் மின்சுற்று) என்றே நினைக்கிறேன். எர்த்தைத் துண்டிக்கச் சொன்னார் ஒருவர்; உயிருக்கே ஆபத்து, அதைச் செய்யமாட்டேன். லேப்டாப், ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியும் பலனில்லை.

நேரடி மின்தொடர்பைத் துண்டித்து ஒலி சிக்னலை மட்டும் கடத்தும் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் கிடைத்த பேஸ் குறைந்துவிடுமா? இல்லை, ஆப்டிகல் கேபிள் (ஒளி வழியே சிக்னல் அனுப்புவது) உள்ள டிஏசி (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்கும் கருவி) வாங்குவதுதான் சரியா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.