வைகையில் வெள்ளம் வந்த அன்று மழை எங்கே பெய்தது? உங்கள் அனுபவம்

யானைக்கல் பக்கம்:
2021 நவம்பர். வைகை அணை 69 அடி தொட்டு, மூன்றாம் எச்சரிக்கை கொடுத்து, உபரி நீர் திறந்திருந்த சமயம். மதுரையில் வெயில் சுள்ளென்று அடித்தது. தரைப்பாலத்தை மறித்திருந்தார்கள், சரி என்று கரை ஓரமாக நின்று பார்த்தேன். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக வந்து பாலத்தில் முட்டி நின்றது. அதற்குள் ஒரு வாழைமரம், குலையோடு, வேரில் செம்மண்ணோடு. காய் இன்னும் முற்றவில்லை. யாரோ தண்ணீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து வளர்த்த மரம். தலைக்கு மேல் ஒரு துண்டு மேகம் இல்லாத ஊரில் அது வந்து மோதுகிறது. எல்லாம் அணைக்கு மேலே, வைகை பிறக்கிற வருசநாட்டு மலையில் பெய்த மழை என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள். அன்றிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் வானம் வெளுத்திருந்தாலும் எனக்கு நிம்மதி இருப்பதில்லை.

கடமலைக்குண்டு:
அந்த வாழை எங்கள் வருசநாட்டுப் பக்கத்து மரம் இல்லை. வருசநாட்டில் சாய்ந்த மரம் அணைத் தண்ணீரிலேயே மிதந்து கிடக்கும், மதகு தாண்டி மதுரைக்கு வராது. மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழே வைகையில் சேருகிறவை, கொடைக்கானல் மலைச்சரிவில் இறங்குகிற தண்ணீர். சோழவந்தான் வரைக்கும் கரையெல்லாம் வாழையும் தென்னையும்தான். அங்கே எங்கேயோ கரை அரித்திருக்கிறது. அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்தத் தண்ணீர் கணக்கிலேயே வராது.

எங்கள் கதை வேறு. தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்குச் சாரல்தான். அந்த மழை பெரியாறு அணைப் பக்கம் கொட்டி, சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. வருசநாட்டை நனைப்பது கீழைக்காற்று. குமரிக்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு தாழ்வு நிலை நகராமல் நின்றால் போதும், கடல் ஈரம் நேரே வந்து மலையின் கிழக்கு முகத்தில் ஏறி, குளிர்ந்து, அங்கேயே விழும். அப்படி ஒரு ராத்திரி ஓடையில் பாறை உருளுகிற சத்தம் கேட்டது. மழைச் சத்தத்தை மீறி, காலுக்கு அடியில் இருந்து வந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினார், நாங்கள் பின்னாலேயே போனோம்.

செல்லூர்:
இரண்டு பேரும் ஆற்றையே பேசுகிறீர்கள். 2024 அக்டோபர் 25 அன்று எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது வைகை கரை தாண்டவே இல்லை. டானா புயல் ஒடிசாவில் கரையேறிய நாள் அது, எல்லார் கண்ணும் அங்கே இருந்தது. இங்கே பிற்பகல் 3 மணியிலிருந்து 3.15-க்குள் 45 மில்லிமீட்டர். அன்று பகலில் மொத்தம் 98. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கால் மணி நேரத்தில் மட்டும் ஒவ்வொரு சென்ட் இடத்திலும் 1,800 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது. தண்ணீர் வாசல் வழியாகக்கூட வரவில்லை. குளியலறைத் தூம்பில் இருந்து கறுப்பாகப் பொங்கியது. அம்மா அரிசி டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மழை எங்கள் தலைக்கு மேலேயே பெய்தது, எங்கள் பகுதித் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோகிற பந்தல்குடி வாய்க்கால் தாங்கவில்லை. இதில் வருசநாடு எங்கே வந்தது, மஞ்சளாறு எங்கே வந்தது?

தத்தனேரி:
1993 நவம்பர் வெள்ளத்தில் அப்பத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ரயில்வே மேட்டுக்கு ஓடினோம். வழியெல்லாம் அவர் கேட்டது கோழிகளைத்தான்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்கிறேன். மதுரை வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலைப் பேப்பரில் மழை அளவு போடுவார்கள். பெரியாறு, தேக்கடி, சோத்துப்பாறை, மஞ்சளாறு, ஆண்டிபட்டி, பெரியகுளம், இத்தனையையும் சேர்த்துப் பாருங்கள். அணை 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்ததும் ஆற்றோரச் சாலையில் வண்டி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். அப்புறம், கண்மாய் நிரம்பியிருக்கிறதா என்று ஒரு எட்டு போய்ப் பாருங்கள். காய்ந்த கண்மாயும் காய்ந்த மண்ணும் முதல் பெருமழையைக் குடித்துவிடும். நிரம்பின பிறகு பெய்கிற இரண்டாவது மழை, சின்னதாக இருந்தாலும், தெருவுக்குத்தான் வரும். அதனால் ஐப்பசி மழையைவிடக் கார்த்திகை மழைக்குத்தான் நான் பயப்படுவேன். பத்திரம், ரேஷன் அட்டை எல்லாம் பரணில் இருக்கட்டும். தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தூம்பு வாயில் மணல் மூட்டை வையுங்கள்.

செல்லூர்:
அண்ணே, மணல் மூட்டை வைத்தோம். தண்ணீர் மூட்டையையே தூக்கிவிட்டது. வாய்க்காலை அகலப்படுத்தித் தூர்வாராமல் வீட்டுக்குள் என்ன வைத்தாலும் நிற்காது.

மானாமதுரை விவசாயி:
எங்களுக்கு வெள்ளம் என்றால் வேறு. மதுரையில் தரைப்பாலம் மூழ்கியது என்று கேட்டாலே ஊரில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவோம். ஒரு வருடம் எங்கள் பக்கம் சொட்டு மழை இல்லை, ஆற்றில் மட்டும் செந்தண்ணீர் பெருகி வந்தது. ஊரே டார்ச் லைட்டோடு, ஆற்றிலிருந்து கால்வாய் பிரிகிற கால்வாய்த் தலையில் காத்துக் கிடந்தது. தண்ணீர் கண் எதிரே, கால்வாய் வாய்க்கு ஒரு முழம் கீழே ஓடிப் போனது. மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டது, கால்வாய் மேலேயே நிற்கிறது. பெரியவர் ஒருவர் குனிந்து கையால் தண்ணீரை அள்ளிக் கால்வாய்க்குள் விட்டார். கால்வாய்த் தலையைத் தாழ்த்தி வெட்டித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை.