ஜார்ஜ் டவுன் கடைவீடுகள்: சாயாத முகப்பு, பின்னால் கொம்தார். எங்கே நிற்பது?

கேள்வி:
மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரில் மூன்று நாள். ஃபுல் ஃபிரேம் கேமரா, 24–70 லென்ஸ், முக்காலி உண்டு. கடைவீட்டு (கீழே கடை, மேலே வீடு) முகப்பு மல்லாந்து விழுகிற மாதிரி வரக்கூடாது. ஓட்டுக்கூரைக்குப் பின்னால் கொம்தார் என்கிற அடுக்குமாடிக் கோபுரம் பெரிதாகத் தெரியணும். காலை 6 மணிக்கே கிளம்பினால் வெளிச்சம் சரியாக இருக்குமா?

பதில் 1:
6 மணிக்குக் கும்மிருட்டு சார். அங்கே 7 தாண்டித்தான் விடியும், விடிகிற நீல வெளிச்சமும் 20 நிமிஷம்தான்.

அண்ணாந்து பிடிப்பதால்தான் முகப்பு சாய்கிறது. கேமராவை மட்டமாக, நெடுக்குவாக்கில் வையுங்க. 24 மிமீ-யில் கண்மட்டத்துக்கு மேலே, நிற்கிற தூரத்தில் முக்கால் பங்கு உயரம் அடங்கும். 10 மீட்டர் கடைவீட்டுக்கு 11, 12 மீட்டர் பின்வாங்கணும். மார்க்கெட் ஸ்திரீட் மாதிரி ஒடுங்கிய இடத்தில் எதிர்ச்சாரி ஐந்தடி நடைக்குள் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) ஏறி நிற்க வேண்டிவரும். கீழே வருகிற தார் ரோட்டைப் பிறகு வெட்டிவிடலாம். அதுவும் போதாவிட்டால் லேசாக அண்ணாந்து எடுத்து மென்பொருளில் நிமிர்த்துங்க. ஓரங்கள் வெட்டுப்படும், தாராளமாக இடம் விடுங்க.

பதில் 2:
கொம்தாரைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, தூரம். கோபுரம் 230 மீட்டருக்கு மேல். அது 600 மீட்டர் தள்ளி இருக்க, கடைவீட்டிலிருந்து 20 மீட்டரில் நின்றால் கூரை அதை மறைத்துவிடும். 60 மீட்டர் பின்னால் போனால் கோபுரம் வீட்டைப்போல் இருமடங்கு. 50 மிமீ நெடுக்குவாக்கில் அடங்கும். கிம்பர்லி ஸ்திரீட் பக்கம் கோபுரத்துக்கு ரொம்பக் கிட்டே, கழுத்துதான் வலிக்கும். பாரம்பரிய வட்டாரத்துக்குள் 18 மீட்டர் உயர வரம்பு இருப்பதால் கூரைவரிசை தணிந்தே கிடக்கும், வெளியே எழுந்த கோபுரங்கள் துருத்திக்கொண்டு நிற்கும்.

கிழக்கு மேற்குத் தெருக்களில் ஜூன் மாதம் தென்சிறகு (தெருவின் தெற்கு வரிசை) வீடுகளுக்கு வெயில், டிசம்பரில் வடசிறகுக்கு.

பதில் 3:
ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். அரைமணி முன்பே, மூடிய பையோடு வெளியே வைத்துவிடுங்க. இரவில் குழல்விளக்கு பட்டை விழாமல் இருக்க ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி. ஏனென்றால் அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

புதுப்பித்த முகப்பில் இடுப்புயரம் வரை பூச்சு உரிந்திருந்தால் அதையும் கிட்டப்போய் எடுங்க. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் உப்பு தள்ளும். பக்கவெளிச்சத்தில் அந்த வெண்பூப்பு நன்றாகத் தெரியும்.