பகுதிநேர ஓவியம், தையல், உடற்கல்வி (பி.இ.டி.) ஆசிரியர்கள்: உங்கள் பள்ளி நிலவரம் என்ன?

ஓவிய ஆசிரியர், நடுநிலைப்பள்ளி:

2012-ல் தமிழ்நாடு அரசு பதினாறாயிரத்துச் சொச்சம் பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்ததே, அதில் நானும் ஒருத்தன். 6 முதல் 8 வரை ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி. வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அது 12,500 ஆக 2024 வரை காத்திருந்தோம். அப்போதும் மே மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. ஏப்ரல் பிறந்ததுமே கல்யாண மேடை, கடை போர்டு என்று யாரிடமாவது சொல்லி வைத்துவிடுவேன்.

எங்கள் வகுப்பை நிறுத்துகிறோம் என்று யாரும் சொன்னதில்லை. கால அட்டவணையில் ஓவியம் இருக்கிறது. நான் வராத நாளில் அந்தப் பீரியடு கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடும். வந்த நாளிலும் பரீட்சை நெருங்கினால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பொருளுக்கென்று தனியாகப் பணம் எங்கள் பள்ளிக்கு வந்து பார்த்ததில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை போஸ்டர் கலர் மட்டும் கைக்காசில் வாங்குவேன். பச்சையும் ஆரஞ்சும் பிள்ளைகளே டீ கப்பில் கலக்க வேண்டும். பாடமும் ஆச்சு, செலவும் மிச்சம். ஊதா மட்டும் சேறு மாதிரிதான் வருகிறது.

இந்தச் சம்பளம் பள்ளிக் கல்விக்காக ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் தலையில்தான். 60 பங்கு ஒன்றிய அரசு, 40 மாநிலம். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-ல் இரண்டாயிரம் கோடிக்கு மேல் நின்றது. டில்லியும் சென்னையும் மாறி மாறி அறிக்கை விட்டன. நாங்கள் ஒன்றாம் தேதி ஆனால் வங்கி மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தையல் ஆசிரியை:

சார், எங்களிடம் இரண்டு மெஷின். ஒன்றில் ஷட்டில் தேய்ந்து தையல் விட்டுவிட்டு விழுகிறது, இன்னொன்றுக்கு பெல்ட்டே இல்லை. இருப்புப் பதிவேட்டில் இரண்டும் நல்ல நிலையில் உள்ளன! அதனால் எட்டாம் வகுப்புக்குக் கைத்தையல்தான்: ஹெம்மிங், காஜா, ஊக்கு வைப்பது. பழைய பாவாடைத் துணியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறேன். போன வருஷம் படித்த பையன் ஒருத்தன் என் காஜாவைவிட நேராகப் போடுவான். அவன் மெஷினை மிதித்துப் பார்க்காமலே ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

2009-ன் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் கட்டாயம். எங்கள் ஊரில் வேன் வைத்த தனியார் பள்ளி வந்ததும் எண்ணிக்கை இறங்கியது, ஓவிய டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். சின்னப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் கை வராதா என்று கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

டீச்சர், ஷட்டில் விஷயத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போடுங்கள். பள்ளி மானியத்தில் செய்யலாம்.

தையல் ஆசிரியை:

போட்டோம் ஐயா. அந்த வருஷ மானியம் கழிப்பறைக் குழாய்க்கே சரியாகிவிட்டது. அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?